மஞ்சள் மாறாத கிழங்கு

அத்தியாயம் 6

காலை பத்தரைக்குள் டெல்சி அந்தப் பெயரை ஒன்பது முறை சொல்லிவிட்டாள்.

"ஜெனித் சொன்னா செரியாத்தான் இருக்கும்." அது ஏழு. "ஜெனித் காலேஜ்லயே கெமிஸ்ட்ரில பஸ்ட்." அது எட்டு. "பாத்துப் போலே, ஜெனித் சொன்ன வளைவு வருகு." அது ஒன்பது. நான் வேண்டுமென்று எண்ணவில்லை. பைக்கில் மீட்டர் ஓடுவது மாதிரி அது தானாக ஓடியது.

நான் ஷாஜன். புதுக்கடை ஜங்ஷனில் செல்போன் கடைக்கு மேலே 'டெல்சி துப்பறியும் நிலையம்' என்று ஒரு பலகை தொங்கும். அங்கே நான் உதவியாளன். பைக் ஓட்ட வேண்டும், சாயா வாங்க வேண்டும், டெல்சி யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் இரண்டையும் நன்றாகவே செய்வேன்.

அன்று காலை ஏழு மணிக்கே ஜெனித் போன் செய்து உதவி கேட்டிருந்தான். டெல்சியோடு நாகர்கோவிலில் ஒன்றாகப் படித்தவன், இப்போது முள்ளுவிளை குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆப்பரேட்டர். முந்தின நாள் சாயங்காலம் முள்ளுவிளைக் குழாய்களில் வந்த தண்ணீரைக் குடித்துப் பதினேழு பேருக்கு வாயும் தொண்டையும் வெந்துவிட்டன. அதில் எட்டுப் பேர் குழந்தைகள். எல்லோரும் ஆஸ்பத்திரியில்.

நிலையத்து வாசலில் இன்ஸ்பெக்டர் ராஜமணி எங்களை மறித்தார்.

"குளோரின் கூடிப்போச்சுன்னு பொறியாளர் எழுதித் தந்தாச்சு. குளோரின் ரூம் சாவி காலை ஷிப்ட் பெமிலா கையில மட்டும்தான். வேற ஆள் இருக்குன்னா நாலு மணிக்குள்ள காட்டு டெல்சி. இல்லேன்னா அந்தப் பிள்ளைய நான் கொண்டு போயிருவேன்."

"வெள்ளத்த சோதிச்சீங்களா சார்?" என்று டெல்சி குழாய்த் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள்.

"எங்க சோதிக்க? ராத்திரியோட ராத்திரியா பைப்பு, தொட்டி எல்லாம் கழுவி விட்டாச்சு. ஒரு சொட்டு கிடையாது."

உள்ளே ஜெனித் நின்றிருந்தான். ஊரே கலங்கிக் கிடக்கும் நாளில் ஒரு மனிதனின் சட்டையில் சுருக்கமே இல்லை என்றால் அதைச் சந்தேகப்பட வேண்டுமா, வேண்டாமா?

"டெல்சி, வந்தியா," என்றான் அவன். அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அதை அவன் சொன்ன விதம் இருக்கிறதே.

பெமிலா ஆய்வுக்கூட ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது, கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஒரு மணிக்கு சோதிச்சேன், நல்லா இருந்து. பொறவு சோறு தின்னேன். ரெண்டு மணிக்குப் பாத்தா வெள்ளம் பால்போல வருகு. உடனே வால்வ அடைச்சு ஆபீசுக்கு போன் போட்டேன். 'கொஞ்சம் கலங்கல்தானே'ன்னு சொல்லி மூணு மணிக்கு ஊருக்கு திறந்து விட்டுட்டாவ."

"பி.எச். பாத்தியா?"

"மீட்டர் கேடாயி மூணு மாசம் ஆச்சு. நாலு தடவ எழுதிக் குடுத்தாச்சு."

"வேற எதுக்கெல்லாம் பூட்டு இருக்கு?"

"குளோரின் ரூமுக்கு மட்டும்தான். படிகாரமும் சுண்ணாம்பும் ஷெட்ல திறந்துதான் கிடக்கும்."

வாட்ச்மேன் ரத்தினம் அண்ணாச்சி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "சுண்ணாம்ப யாரு களவாண்டுவா மேடம்? நேத்து வெளி ஆளு ஒருத்தரும் வரல. ரிஜிஸ்டர் இருக்கு, பாருங்க."

டெல்சி பார்த்தாள். உண்மைதான். ஒரு பெயரும் இல்லை.

வெளியே வந்ததும் நான் அவள் காதைக் கடித்தேன். "ஜெனித்துக்குக் கிடைக்க வேண்டிய சீனியர் போஸ்ட் பெமிலாவுக்குப் போயிருக்கு. போன மாசம். நான் விசாரிச்சுட்டேன்."

"எப்ப விசாரிச்ச?"

"நீ அவன்கிட்ட காலேஜ் கதை பேசிட்டு இருந்தப்ப."

"நல்லாதாம்ல இருக்கு. ஆனா ஜெனித்..."

பத்து.

*

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஞானபாய் மாமியின் சாயாக்கடை. டெல்சிக்கு விசாரணை என்றால் முதலில் மரவள்ளிக் கிழங்கால் வயிறு நிறைய வேண்டும்.

"கிழங்கு இருக்கா மாமி?"

"இருக்கு மக்கா, ஆனா திங்கப்பிடாது. நேத்து ராத்திரி வீட்டுல மரச்சீனி அவிச்சு, தேங்காயும் மஞ்சளும் அரச்சுப் போட்டு மசிச்சேன். எடுத்துப் பாத்தா குங்குமம் கலக்குன மாதிரி சுவப்பு. எனக்க மாப்ள ரத்தம்னு சொல்லி எழும்பி ஓடிட்டாரு. ஆபீசர்மாருக்கு காட்டலாம்னு எடுத்து வச்சேன். ஒருத்தனும் வரல."

அவர் உள்ளேயிருந்து சட்டியைக் கொண்டுவந்தார். செங்கல்லை இடித்துப் பிசைந்த நிறம்.

டெல்சி நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள். "அதே வெள்ளத்துல மீன் கறியும் வச்சீங்களா?"

"வச்சேன். கறிக்கு ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருந்து."

"கறி மிச்சம் உண்டுமா? ஒரு கரண்டி குடுங்க."

மாமி கொடுத்த மீன் கறிச் சாற்றை, டெல்சி அந்தச் சிவப்புக் கிழங்கின் ஓரத்தில் ஊற்றிப் பிசைந்தாள். நானும் மாமியும் குனிந்து பார்த்தோம். பிசைந்த இடம் மட்டும் மெல்ல மெல்ல மஞ்சளாகத் திரும்பியது.

"இது என்ன மந்திரம் பிள்ளே," என்றார் மாமி.

"புளி மாமி. மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா சுவப்பாவும். ஆரத்தி கலக்குறது இப்பிடித்தானே. புளிப்பு பட்டா மறுபடியும் மஞ்சளாயிரும். அதுனாலதான் புளி போட்ட கறி மாறல, கிழங்கு மாறிப்போச்சு." அவள் என் பக்கம் திரும்பினாள். "குளோரின் இல்லலே ஷாஜா. சுண்ணாம்பு. பூட்டே இல்லாத ஷெட்ல கிடக்குற சுண்ணாம்பு. பெமிலாவுக்க சாவிக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது."

"அப்போ உள்ள இருக்குற யாரு வேணும்னாலும் செய்திருக்கலாம்."

"ஆமா."

"நேத்து காலை ஷிப்ட்ல உள்ள இருந்தது பெமிலாவும் ஜெனித்தும் மட்டும்தான்."

"தெரியும்."

"சும்மா சொன்னேன். உனக்கு மறந்திருக்குமோன்னு."

டெல்சி கிழங்குச் சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டாள். பைக்கில் அதை மடியில் வைத்துக் கொண்டு வந்தாள். நான்கு வருடமாக அவளுக்கு பைக் ஓட்டுகிறேன். என் ஹெல்மெட்டைக்கூட அவ்வளவு பத்திரமாகப் பிடித்ததில்லை.

*

பெமிலாவின் வீடு முள்ளுவிளை சர்ச்சுக்குப் பின் தெருவில் இருந்தது. கணவர் ஜான்ரோஸ் கதவைத் திறந்தார். ஷார்ஜாவில் ஏழு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் திரும்பியவர். இப்போது வேலை இல்லை. ஆறு வயது மகள் பிரிஜாவைப் பார்ப்பது, சமைப்பது, மனைவிக்குச் சோறு கொண்டுபோவது எல்லாம் அவர்தான்.

"இருங்க. சாப்பாட்டு நேரத்துல வந்திருக்கிய. நேத்தைய கிழங்கு இருக்கு, சூடாக்கித் தாறேன். பெமிலாவும் நேத்து ராத்திரி ஒண்ணும் திங்கல, ஒரே கரச்சல், அழுதுட்டே கிடந்தா."

தட்டு வந்தது. நான் கையை நீட்டினேன். டெல்சி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

கிழங்கு மஞ்சளாக இருந்தது. செவ்வந்திப் பூ மாதிரி, குற்றமே இல்லாத மஞ்சள்.

"நேத்து ராத்திரி செய்ததா அண்ணே?"

"ஆமா. சாயங்காலம் ஆறு மணிக்கு. நான்தான் செய்தேன்."

"பைப்பு வெள்ளத்துலயா?"

"பின்ன? இந்தத் தெருவுக்கு பைப்புதானே."

என் தலைக்குள் ஒரு பல்பு எரிந்தது. ஊரெல்லாம் சிவந்த கிழங்கு, பெமிலா வீட்டில் மட்டும் மஞ்சள். தண்ணீர் கெடப்போவது இந்த வீட்டுக்கு முன்கூட்டியே தெரியும். டெல்சியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை.

"கை கழுவிட்டு வாறேன்," என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் போனாள்.

ஜான்ரோஸ் என் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த ஜெனித்தைப் பத்தி விசாரிச்சியளா?"

எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று.

"விசாரிச்சிட்டுதான் இருக்கோம். நீங்க என்ன நினைக்கிய?"

அவர் எழுந்து சமையலறைக் கதவில் தொங்கிய காலண்டரைத் திருப்பிக் காட்டினார். சில தேதிகளில் சிவப்பு வட்டம். "இந்த மாசத்துல பன்னெண்டு நாள் அவளுக்கும் அவனுக்கும் ஒரே ஷிப்ட். போன மாசம் ஒம்பது. அதுக்கு முந்தின மாசம் ஆறு. கூடிட்டே வருகு பாத்தியளா? போன வாரம் அவளுக்கு தலைவலின்னு மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கான். நான் இருக்கேன்லா வாங்கிக் குடுக்க?"

"நீங்க இருக்கிய," என்றேன். "எங்க மேடமும் காலையில இருந்து அவன் பேரைப் பத்துத் தடவ சொல்லிட்டா."

"பத்தா?"

"பத்து."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வார்டில் படுத்திருக்கும் இரண்டு நோயாளிகள் மாதிரி.

டெல்சி திரும்பி வர நேரமானது. ஒரு கை கழுவ அவ்வளவு நேரமா? கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு அக்கா கிணற்றடியில் நின்று அவளோடு பேசிக்கொண்டிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. கிணறு இருக்கும் வீட்டுக்காரியோடு டெல்சிக்கு என்ன கதை?

கிளம்பும்போது அவள் ஜான்ரோஸிடம் சொன்னாள். "அண்ணே, பெமிலா காலையில இருந்து பட்டினி. மூணரைக்கு சாயாவும் ஏதாவது பலகாரமும் கொண்டு வாங்க."

தெருமுனை தாண்டியதும் நான் வண்டியை நிறுத்தினேன். "எல்லாம் புரிஞ்சுபோச்சு. ஜெனித் சுண்ணாம்பைக் கலக்குறான். பெமிலாவுக்கு முன்னாலயே சொல்லிடுறான், ரெண்டு பேருக்கும் அப்படி ஒரு பழக்கம். அவ வீட்டுல வேற வெள்ளம் பிடிச்சு வச்சுட்டா. பாவம் அந்த மனுசன், ஒண்ணும் தெரியாம அதுல கிழங்கு வச்சிருக்காரு."

"கூட்டு நின்னவ எதுக்குலே வால்வ அடைச்சு ஆபீசுக்கு போன் போடணும்?"

"நடிப்பு."

"அப்பிடியும் இருக்கலாம்," என்றாள் டெல்சி.

அவள் என்னோடு ஒத்துப்போனால் நான் எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

*

மூன்றேகால். நிலையத்து வாசலில் டெல்சி ரத்தினம் அண்ணாச்சியிடம் நின்றாள்.

"நேத்து வெளி ஆளு யாரும் வரல, இல்லியா அண்ணாச்சி?"

"இல்ல மேடம். சத்தியமா."

"பெமிலாவுக்கு சோறு யாரு கொண்டு வந்தா?"

"அது நம்ம ஜான்ரோஸ். தினமும் வாறவன்தானே. சோத்துப் பாத்திரம் கொண்டு வாறவன் பேர எல்லாம் ரிஜிஸ்டர்ல எழுதினா, ஊர்ல என்ன சொல்லுவாவ? வீட்டுக்காரன போயி வெளி ஆளுன்னு எழுதவா?"

"எழுதப்பிடாதுதான்," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

மூன்றரைக்கு எல்லோரும் ஆய்வுக்கூடத்தில் இருந்தோம். இன்ஸ்பெக்டர் ராஜமணி கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பெமிலா அதே ஸ்டூலில். ஜன்னலோரம் ஜெனித், சட்டையில் இன்னும் சுருக்கம் இல்லை. ஜான்ரோஸ் பிளாஸ்க்கும் பழம்பொரிப் பொட்டலமுமாக வந்து மனைவியின் தோளில் கை வைத்தார்.

டெல்சி மேசையில் ஞானபாய் மாமியின் சட்டியைத் திறந்து வைத்து, சுண்ணாம்புக் கதையை இன்ஸ்பெக்டருக்கு இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தாள்.

"சுண்ணாம்புன்னே வச்சுக்குவோம்," என்றார் ராஜமணி. "போட்டது யாரு?"

"கேஸ் முடிஞ்சாச்சு சார். ஜெனித் ஒத்துக்கிட்டான்."

எனக்கு உடம்பெல்லாம் ஒரு குளிர்ச்சி பரவியது. அன்று காலையிலிருந்து நான் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. ஜெனித் வாயைத் திறந்தான். திறந்த வேகத்தில் மூடினான். டெல்சியின் செருப்பு அவன் பாதத்தின் மேல் இருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

"பெமிலா மேல ஒரு தூசி விழப்பிடாது, அவளுக்கு வேண்டி நான் ஜெயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டான் சார்."

பெமிலா நிமிர்ந்தாள். "ஜெனித்? எனக்கு வேண்டியா?" அவள் கண் நிறைந்து வழிந்தது. "நீ செய்யல. எனக்குத் தெரியும். எனக்கு வேண்டி எதுக்கு நீ..."

"அவன் செய்யல," என்றார் ஜான்ரோஸ்.

எல்லோரும் திரும்பினோம். அவர் கை மனைவியின் தோளில் இல்லை.

"செய்தேன்னு அவனே சொல்லுகான் அண்ணே," என்றாள் டெல்சி, மிக அமைதியாக. "பெரிய மனசு. இந்தக் காலத்துல கூட வேலை செய்யுறவளுக்காக இப்பிடி யாரு நிப்பா? பெமிலாவும் சாவுற வரைக்கும் மறக்க மாட்டா."

"அவன் எப்பிடி செய்வான்? அவன் அந்நேரம் ஆத்தங்கரை பம்பு ரூம்ல கிடந்தான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இவ முன்னால ஆளாவப் பாக்கான். நான்தான் செய்தேன். நான். பாத்திரம் கழுவப் போறேன்னு சொல்லிட்டுப் போயி தொட்டியில சுண்ணாம்ப தட்டினேன். இவன் யாரு எனக்க பொண்டாட்டிக்கு வேண்டி ஜெயிலுக்குப் போவ?"

ராஜமணி கடிகாரத்தை விட்டுவிட்டு ஜான்ரோஸுக்கும் கதவுக்கும் நடுவே வந்து நின்றார்.

"ஜெனித் ஒண்ணும் ஒத்துக்கிடல சார்," என்றாள் டெல்சி. "மன்னிக்கணும், பொய் சொல்லிட்டேன். பக்கத்து வீட்டு அக்காகிட்ட கேட்டேன். நேத்து சோறு கொண்டு போவதுக்கு முன்னாலயே இந்த அண்ணன் அவங்க கிணத்துல இருந்து நாலு குடம் கோரியிருக்காரு. ஒரு வருசத்துல ஒரு நாளும் கோராத ஆளு. அதுலதான் கிழங்கு வச்சது, மவளுக்கு குடிக்கக் குடுத்தது. ஆனா எங்ககிட்ட பைப்பு வெள்ளம்னு சொன்னாரு."

"இருபது நிமிசம்," என்றாள் பெமிலா. குரலே இல்லை. "ஒரு சோத்துப் பாத்திரத்த இருபது நிமிசம் கழுவினீங்க."

ஜான்ரோஸ் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "வெத்தலைக்குத் தேய்க்குற சுண்ணாம்புதானே பெமி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவாது, கொஞ்சம் கலங்கும், உனக்கு மெமோ தருவாவ, வேற ஷிப்ட்டுக்கு மாத்துவாவன்னு நெனச்சேன். அவ்வளவுதான்."

"ஒண்ணும் ஆவாதுன்னா மவளுக்கு மட்டும் எதுக்கு கிணத்து வெள்ளம்?" என்று கேட்டாள் டெல்சி.

அவர் அதைக் கேட்காத மாதிரி மனைவியின் கையைப் பிடித்தார். "கைப்பிழைன்னு சொல்லு பெமி. கூடிப்போனா வேலை போவும். போனா போட்டும். நான் திரும்ப ஷார்ஜா போறேன், இல்லேன்னா வண்டி ஓட்டுகேன். நீ வீட்டுல இரு. நாம மூணு பேரும் நிம்மதியா இருக்கலாம். நீ சொன்னா சார் விட்டுருவாரு."

ராஜமணி தொண்டையைச் செருமினார். "எனக்கு கிடைச்சது ஒரு சட்டி கிழங்கும், நாலு குடம் வெள்ளமும். கோபத்துல சொன்னேன்னு இவன் நாளைக்கு மாத்திப் பேசுவான். பாத்திரம் கழுவுன நேரத்த நீ எழுதித் தந்தாத்தான் கேஸ் நிக்கும். புருசன்தான். யோசிச்சு சொல்லு."

பெமிலா யோசித்தாள். நான் பார்த்தேன், உண்மையாகவே யோசித்தாள். புருஷன் பிடித்த கையை அவள் உடனே உருவவில்லை. அந்தக் கையில்தான் வருடம் முழுவதும் சோறு வந்திருக்கிறது. ஒரு நாள் கூடத் தவறியதில்லை.

"எட்டு பிள்ளைங்க அங்க கிடக்கு," என்றாள் கடைசியில். "அதுல ஒண்ணு பிரிஜாவுக்க கிளாஸ்ல படிக்குறது. உங்க பிள்ளைக்கு வேணும்னு கிணத்துல கோரத் தெரிஞ்சுது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரு கோருவா? நான்தானே. எனக்க வேலையே அதுதானே."

கையை எடுத்துக்கொண்டாள்.

"எழுதுங்க சார். நான் ஒப்பு போடுகேன். சீக்கிரம் எழுதுங்க, ஆறு மணிக்கு ஊருக்கு வெள்ளம் விடணும். தொட்டி இன்னும் நிறையல."

ராஜமணி எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள், பேனாவை மூடி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள், முகத்தைக் கழுவிவிட்டு நேராக வடிகட்டித் தொட்டிப் பக்கம் நடந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

ஜான்ரோஸை ஜீப்புக்குக் கொண்டுபோனார்கள். படியில் கால் வைத்தவர் நின்று, தலையைத் திருப்பிப் பார்த்தார். தொட்டிப் பக்கம் போகும் மனைவியை அல்ல. ஜெனித் எந்தப் பக்கம் நடக்கிறான் என்று பார்த்தார். ஜெனித் டெல்சி நின்ற பக்கம் நடந்தான். ஜான்ரோஸின் தோள்கள் அப்போதுதான் இறங்கின.

அவர் எதைப் பார்த்தார் என்று எனக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம், நானும் அந்த நேரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.